சுத்தமான ஈரல் – அத்தியாயம் 11

போன வாரம் ஜெயந்தினி டீச்சரை நுவரெலியாவில் ஒரு தனியார் வைத்தியசாலையின் நீல பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு வந்தோம். இன்னும் அங்கேதான் இருக்கிறாள். கையில் பதினேழாம் இலக்கத் துண்டு. பதினாறாவது ஆள் உள்ளே போய் அரை மணி நேரமாகிறது.

பக்கத்தில் அண்ணன் சுதாகரன். தலவாக்கலை பஜாரில் சீமெந்துக் கடை வைத்திருப்பவன். வீங்கிய கால்களை நீட்டி, வயிற்றை இரண்டு கைகளாலும் தாங்கிப் பிடித்திருந்தான். சட்டைப் பொத்தான்களுக்கு நடுவே வயிற்றுத் தோல் பளபளத்தது. கண்களில் வெள்ளை இருக்க வேண்டிய இடமெல்லாம் மஞ்சள். இருபது வருடக் குடி அவன் ஈரலைச் சுருக்கிக் கல்லாக்கியிருந்தது.

அவன் மூச்சில் ஒரு வாடை வரும். அழுகத் தொடங்கிய பழத்தின் இனிப்பும் பூஞ்சணமும் கலந்த வாடை. முகத்தைத் திருப்பாமல் மூச்சை மட்டும் பிடித்துக்கொள்ள ஜெயந்தினி பழகியிருந்தாள். நன்றி கெட்டவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதல்லவா?

நன்றிக்குக் காரணம் இருந்தது. பதினான்கு மாதங்களுக்கு முன்னால் அவள் நூற்று இருபத்தொரு கிலோ. ஈரல் முழுக்கக் கொழுப்பு. அது இறுகவும் தொடங்கியிருந்தது. இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுக்கும் சத்திர சிகிச்சையைக் கொழும்பில் ஏற்பாடு செய்து, செலவு முழுவதையும் ஏற்று, அவள் கண் விழித்தபோது கட்டில் பக்கத்தில் நின்றவன் சுதாகரன்தான்.

சின்ன வயதிலிருந்து அவளை ‘லொறி’ என்று கூப்பிட்ட அதே அண்ணன். தன் கல்யாண ஃபோட்டோவில் அவளை நிற்க விடாதவன். தனக்கு நோய் வந்ததும் மனம் இளகிவிட்டது என்று அவள் நம்பினாள். இத்தனை வாரமும் அவளோடு சேர்ந்து நாமும் நம்பினோம்.

“பதினேழு!”

சுதாகரன் எழும்பப் பார்த்தான்.

“நீங்க இருங்கண்ணே. நான் போயிட்டு வாறேன்.”

டொக்டர் ராசிக் சிரித்த முகத்தோடு இருந்தார். மேசையின் மறுபக்கம் தலையை மூடிய ஒரு பெண், மடியில் கோப்புடன். ஜெயந்தினி அவளை இதற்கு முன் பார்த்ததில்லை.

“வாங்க டீச்சர். எழுபத்து நாலு கிலோ. மிச்சம் சந்தோசம்.” டொக்டர் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். “இது ஆபரேசன் நேரம் உள்ளுக்கு கேமராவால எடுத்த படம். உங்கட ஈரல். பார்க்க ஏலுமா?”

பார்த்தாள். மஞ்சள். வீங்கி, ஓரம் மழுங்கி, மேலெல்லாம் எண்ணெய் தடவியது போல ஒரு மினுக்கம். கோழிக்கடையில் தோலோடு சேர்த்துப் பிடுங்கி வாளியில் எறிவார்களே, அந்தக் கொழுப்பின் நிறம். இதை உள்ளே வைத்துக்கொண்டா இத்தனை வருடம் பிள்ளைகளுக்குச் சுகாதாரப் பாடம் நடத்தினேன்?

“இப்ப போன மாசம் எடுத்த ஸ்கேன். கொழுப்பு இல்ல. இறுக்கமும் இறங்கிட்டுது. ரத்தத்திலயும் எல்லாம் சரி.”

“முழுசாவா டொக்டர்?”

“முழுசா. நாங்க ஈரலைத் தொடவே இல்ல. வயித்தைத்தான் சின்னதாக்கினோம். உடம்புல கொழுப்பு கரைய, ஈரல் தன்னைத் தானே சுத்தம் பண்ணிட்டுது. எல்லாருக்கும் இப்படி நடக்கிறதில்ல டீச்சர். சில பேர் ஒழுங்கா சாப்பிடாம, சத்து இல்லாம, இருந்ததையும் கெடுத்துக்கிட்டு வாறாங்க. நீங்க சொன்னபடி நடந்தீங்க. இரும்புச் சத்து மட்டும் குறைவு. மாத்திரையை விடாதீங்க. சாராயம் மட்டும் ஒரு மடக்குகூட ஆகாது. இந்தச் சின்ன வயித்துக்கு அது நேரா தலைக்கு ஏறும்.”

ஜெயந்தினிக்குக் கண் நிறைந்தது. முதல் ஆறு மாதம் நுரையாக வாந்தி எடுத்தது, சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது, தொங்கும் வயிற்றுத் தோலின் மடிப்புக்குள் வேர்த்துப் புண்ணாகிச் சீழ் வைத்தது, அந்த நாற்றத்தைத் தானே தாங்க முடியாமல் ஒரு நாளைக்கு மூன்று தடவை குளித்தது. எல்லாம் இதற்குத்தான். உள்ளே ஒரு சுத்தமான பொருள் இருக்கிறது. அது என்னுடையது.

டொக்டர் அடுத்த தாளைப் புரட்டினார். “அளவையும் கொழும்புல பார்த்துட்டாங்க. வலது பக்கத்தை எடுத்தாலும் மிச்சம் இருக்கிறது உங்களுக்குக் காணும். ரெண்டு மூணு மாசத்துல திரும்ப வளர்ந்துடும்.”

“எதை எடுத்தா டொக்டர்?”

டொக்டர் நிமிர்ந்து பார்த்தார். கோப்பு வைத்திருந்த பெண்ணும் நிமிர்ந்தாள்.

“அண்ணனுக்குக் குடுக்கிறதுக்கு.” அவர் குரல் மெதுவானது. “டீச்சர், உங்களுக்குத் தெரியும்தானே?”

போன மாதம் ஸ்கேன் எடுக்கும்போது ஏன் இத்தனை குழாய் ரத்தம் எடுத்தார்கள் என்று அவள் கேட்டதும், ‘நல்லா பார்க்கத்தான்’ என்று சுதாகரன் சொன்னதும் ஞாபகம் வந்தது.

டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார். “அவர் ரெண்டு வருசமா என்கிட்ட வாறார். முதல் நாளே கேட்டேன், ரத்த வகை பொருந்துற ஆள் வீட்டில இருக்காங்களான்னு. தங்கச்சி ஒராள் இருக்கா, ஆனா பெரிய உடம்பு, ஈரல்ல கொழுப்புன்னார். கொழுப்பு ஈரலை எடுக்க ஏலாதுன்னு நான்தான் சொன்னேன். பொறகு வந்து, தங்கச்சி எனக்காக ஆபரேசன் செஞ்சு எடையைக் குறைக்கப் போறான்னு சொன்னார். உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசுன்னு நான் வீட்டில்கூடச் சொல்லியிருக்கேன்.”

அறைக்குள் மருந்து மணம் அதிகமானது போல இருந்தது. ரெண்டு வருடம். சத்திர சிகிச்சை நடந்து பதினான்கு மாதம். அண்ணனின் அன்பு ஆரம்பித்த நாளை அவள் விரல் விட்டு எண்ண வேண்டியிருக்கவில்லை. அது டொக்டர் ‘கொழுப்பு ஈரலை எடுக்க ஏலாது’ என்று சொன்ன நாள்.

டொக்டர் அவர்களைத் தனியே பேச விட்டு எழுந்து வெளியே போனார். கோப்பு வைத்திருந்த பெண் நாற்காலியை நெருக்கிப் போட்டாள்.

“என் பேரு முனீரா. கொழும்புல உறுப்பு மாற்றுச் சிகிச்சைப் பிரிவு. குடுக்கிற ஆக்களோட பேசுறதுதான் என் வேலை. டீச்சர், உங்கட கையெழுத்து இல்லாம யாரும் உங்களைத் தொட ஏலாது. வேணாம்னா எனக்கு ஒரு போன் கோல் எடுங்க. காரணம் கேட்க மாட்டோம். வீட்டுக்கு ‘பொருந்தல்ல’ன்னு மட்டும் சொல்லுவோம். யாரும் உங்களைக் குத்தம் சொல்ல மாட்டாங்க.”

“இப்பவே சொல்லட்டுமா மிஸ்?”

“இப்ப வேணாம். வீட்டுக்குப் போய் யோசிச்சுச் சொல்லுங்க.” முனீரா இலக்கத்தை எழுதிக் கொடுத்தாள். “அவர் எட்டு மாசமா ஒரு சொட்டும் குடிக்கல்லன்னு எழுதியிருக்கு. அதாலதான் பேரைப் பதிஞ்சோம். அதையும் யோசிங்க.”

வெளியே வந்ததும் சுதாகரன் ஆவலாக எழும்பினான்.

“என்னா சொன்னாரு?”

“சுத்தமா இருக்காம்.”

“எனக்குத் தெரியும்! நான் அன்னைக்கே சொன்னேன்ல!” அவன் முகம் மலர்ந்தது. கண்கள் அவள் முகத்தில் நிற்காமல் கீழே இறங்கி, வலது விலாவுக்குக் கீழே ஒரு கணம் தங்கின. லொறியிலிருந்து மூட்டை இறங்கும்போது சாக்கு கிழியாமல் வந்திருக்கிறதா என்று பார்க்கும் பார்வை. அவளுடைய மாராப்புச் சேலையையும் தோலையும் தாண்டி அந்தப் பார்வை உள்ளே போய்த் தொட்டது போல இருந்தது. அவள் கைப்பையை எடுத்து விலாவை மறைத்துக்கொண்டாள்.

வேனை அவன்தான் ஓட்டினான். ஸ்டீரிங் வயிற்றை அழுத்த, ஒவ்வொரு வளைவிலும் பெருமூச்சு விட்டான். நானுஓயா தாண்டும் வரை அவன் விடாமல் பேசினான்.

“பசிக்குதா ஜெயா? உங்க அண்ணி உனக்குன்னு சமைச்சு வச்சிருக்கா. புரோட்டீன் மாவு முடிஞ்சிருந்தா சொல்லு, இன்னொரு டின் வாங்கித் தாறேன். மாத்திரை போட்டியா?”

மாத்திரை போட்டியா. பருப்பு சாப்பிட்டியா. முட்டை எத்தனை சாப்பிட்ட. பதினான்கு மாதமும் தினமும் காலையில் வந்த அந்த போன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கடைக்குக் கூப்பிட்டு, ஆணி நிறுக்கும் பெரிய தராசில் அவளை ஏற்றி நிறுத்தி, முள் நிற்கும் இடத்தை போனில் படம் எடுத்துக்கொள்வான். ‘கொறையுது, கொறையுது’ என்று கை தட்டுவான். அந்தச் சந்தோஷத்தில் அவளும் சிரித்திருக்கிறாள். தராசு மேல் நின்றுகொண்டு சிரித்திருக்கிறாள்.

“நிப்பாட்டுங்கண்ணே. வாந்தி வருது.”

ராதெல்லவுக்கு இந்தப் பக்கம், தேயிலை ரோட்டு வரைக்கும் இறங்கி வரும் ஒரு வளைவில் வேன் நின்றது. ஜெயந்தினி மழைத் தண்ணீர் ஓடும் கான் ஓரமாகக் குனிந்தாள். வயிற்றில் ஒன்றும் இல்லை. வெள்ளை நுரையும் கசந்த நீரும் மட்டும் வந்தன. சுதாகரனும் இறங்கி ரோட்டைக் கடந்தான். வயிற்று நீர் வடிவதற்கான மாத்திரை அவனைப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இறக்கிவிடும். தேயிலைச் செடியைப் பார்த்து நின்றுகொண்டே, “கொஞ்சம் தண்ணி குடி!” என்று கத்தினான்.

சீட்டுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் போத்தல் இருந்தது. தெளிந்த தண்ணீர். அவள் திறந்து ஒரு வாய் நிறைய ஊற்றினாள்.

நாக்கு எரிந்தது. தொண்டை எரிந்தது. பாதி உள்ளே இறங்கிவிட்டது. புளித்த ஈஸ்டும் டயர் கருகிய வாடையும் மூக்கின் உள்வழியாக ஏறின. அவள் பிறந்த தோட்ட லயத்தில், வரிசை வீடுகளில், சம்பள நாள்களில் எல்லா வீட்டு வாசலிலும் அடித்த வாடை. கசிப்பு. காட்டுக்குள் காய்ச்சுகிற திருட்டுச் சாராயம்.

சுதாகரன் கால்சட்டையைச் சரிசெய்தபடி திரும்பி வந்தான். அவள் கையில் போத்தலைக் கண்டதும் நின்றான்.

“அது... அது பெட்டரிக்கு ஊத்துற தண்ணி.”

“நான் குடிச்சிட்டேன்.”

“குடிச்சியா?” அவன் ஓடி வந்தான். வீங்கிய காலோடு அப்படி ஓடுவான் என்று அவள் நினைத்ததே இல்லை. “துப்பு! துப்பு ஜெயா! விரல விட்டு வாந்தி எடு! உன் ஈரலுக்கு ஆகாது!”

அவளுக்கு ஆகாது என்று அவன் சொல்லவில்லை.

டொக்டர் சொன்னது உடனே நடந்தது. ரோடு சாய்ந்தது. அவள் கான் கட்டில் உட்கார்ந்தாள். அவன் பக்கத்தில் குனிந்து தன் கைலேஞ்சியால் அவள் வாயைத் துடைத்தான். அதில் அவனுடைய வேர்வையும் அந்தப் பழ வாடையும் இருந்தன. அவள் கையைத் தட்டிவிட்டாள்.

“எட்டு மாசமா ஒரு சொட்டும் தொடலன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க.”

“கொஞ்சம்தான் ஜெயா. கை நடுக்கத்துக்கு. கடையில வாங்குனா ஊரே பார்க்கும்னு இத... ஆபரேசன் முடிஞ்சதும் விட்டுடுவேன். செத்துப்போன அம்மா மேல சத்தியமா.”

“எனக்கு எதுக்கு ஆபரேசன் செஞ்சு வச்சீங்க?”

அவன் போத்தலின் மூடியைத் திருகி இறுக்கினான். அந்த நேரத்திலும் மிச்சமிருந்ததைக் கொட்டவில்லை. அதை அவள் கவனித்தாள்.

“நீ இப்ப நல்லாத்தானே இருக்க?” என்றான்.

வீட்டுக்கு வந்ததும் சுதாகரன் களைத்துப் போய் அறைக்குள் படுத்துவிட்டான். ஜெயந்தினி குசினிக்குள் போனாள். தலைச்சுற்றல் தணிந்திருந்தது. வாயில் மட்டும் அந்த ருசி இருந்தது. மூன்று தடவை கொப்பளித்தும் போகவில்லை.

அண்ணி பிரியந்தி அடுப்படியில் நின்றாள். மெலிந்து, கண்ணுக்குக் கீழே கறுத்து, கையெல்லாம் சவர்க்காரத்தில் வெடித்திருந்தவள்.

“வா ஜெயா. உட்காரு. இரும்புச் சத்து கொறைஞ்சிருக்குன்னு போன தடவையே சொன்னாங்கள்ல? காலையிலேயே இறைச்சிக் கடைக்குப் போயி எடுத்துட்டு வந்தேன்.”

பீங்கானில் சோறு ஒரு கரண்டி. பக்கத்தில் ஆட்டு ஈரல் வறுவல். மிளகு போட்டு, எண்ணெய் மிதக்க, கறுஞ்சிவப்பாக. ஒரு துண்டை அண்ணி இரண்டாகப் பிய்த்து வைத்தாள். உள்ளே இன்னும் இளஞ்சிவப்பு இருந்தது. ஓட்டை ஓட்டையாகச் சின்னக் குழாய்கள் தெரிந்தன.

ஜெயந்தினி பீங்கானைத் தள்ளி வைத்தாள்.

“அண்ணி, உங்களுக்கு எப்ப இருந்து தெரியும்?”

பிரியந்தி என்ன என்று கேட்கவில்லை. அடுப்பைக் குறைத்தாள். கையை முந்தானையில் துடைத்தாள்.

“ஆரம்பத்துல இருந்தே.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருந்தா ஆபரேசனுக்கு வந்திருப்பியா?” பிரியந்தி சத்தத்தை உயர்த்தவில்லை. “உன்னை யாரும் ஏமாத்தல ஜெயா. நூத்தி இருவது கிலோவுல படி ஏற ஏலாம நின்னவ நீ. உன் ஈரலும்தான் கெட்டுக்கிட்டு இருந்துச்சு. இப்ப நடக்குற, சேலை கட்டுற, பஸ்ல ரெண்டு பேரு சீட்டுல இன்னொருத்தருக்கும் இடம் விட்டு உட்காருற. உனக்கு நல்லதுதானே நடந்துச்சு?”

அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. அது உண்மை. கண்ணாடியில் பார்த்துச் சந்தோஷப்பட்ட உடம்பை, சுத்தமாகிவிட்டது என்று காலையில் அழுத ஈரலை, இப்போது அவளால் தன்னுடையதாக நினைக்க முடியவில்லை. யாரோ கழுவித் துடைத்து, எடுத்துப் போக ஆள் வரும் வரை அவளிடம் வைத்திருக்கிறார்கள்.

“அவரு இன்னும் குடிக்கிறாரு அண்ணி. வேன்ல கசிப்பு இருக்கு.”

“தெரியும்.”

ஜெயந்தினி அண்ணியின் முகத்தைப் பார்த்தாள்.

“அவரோட கிளினிக்குக்குப் பத்து நாளைக்கு முன்னாடி நிப்பாட்டிடுவாரு. ஏலக்காய் மெல்லக் குடுத்துக் கூட்டிட்டுப் போவேன். இன்னைக்கு உன் கிளினிக்தானே, அதான்.” பிரியந்தியின் உதடு கோணியது. “என்னை அப்படிப் பார்க்காத. மருந்து குடிச்சு அவரு கட்டில்லயே போற பேதியை நான்தான் அள்ளுறேன். பெட்சீட்டை நான்தான் அலசுறேன். புத்தி தடுமாறி என்னை அம்மான்னு கூப்பிடுறாரு சில நாளு. எனக்கு அருவருப்பா இல்லன்னு நெனைக்கிறியா? அந்தக் கையாலதான் சோறும் ஆக்குறேன்.”

ஜெயந்தினியின் பார்வை அவளை அறியாமல் பீங்கானுக்குப் போனது. போன வேகத்தில் வெட்கப்பட்டுத் திரும்பியது.

“நான் குடுக்க மாட்டேன் அண்ணி.”

“சரி.”

இவ்வளவு சுலபமாக வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. முனீரா சொன்ன வழி ஞாபகம் வந்தது. ஒரு கோல். பொருந்தவில்லை என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். யாருடைய முகத்தையும் பார்க்க வேண்டாம்.

“நீ மாட்டேன்னா தனுஷிகா,” என்றாள் பிரியந்தி. “அவளுக்கும் அதே ரத்தம். புதன்கிழமை டெஸ்ட் வந்துச்சு. பத்தொன்பது வயசு ஆச்சு, கையெழுத்துப் போடலாமாம்.”

“உங்க மகளையா?”

“வேற யாரு இருக்கா எனக்கு?” அண்ணி திரும்பிச் சட்டியைக் கிளறத் தொடங்கினாள். தோள்கள் குலுங்கின. சட்டியில் எண்ணெய் தெறித்தது. அவள் கையை எடுக்கவில்லை.

ஜெயந்தினி பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். துணி துவைக்கும் கல்லும் தண்ணீர்த் தொட்டியும் இருந்த சின்ன முற்றம். கொடியில் சுதாகரனின் பெட்சீட்டுகள் தொங்கின. அலசியும் போகாத மஞ்சள் வட்டங்கள். மலையில் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது.

ஒரு பத்தொன்பது வயதுப் பெண்ணின் வயிற்றைக் குறுக்காக வெட்டி, பாதி ஈரலை எடுத்து, அந்தப் போத்தலுக்குக் கொடுப்பார்கள். அவன் அதையும் கரைத்துவிடுவான். அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை. மூடியைத் திருகி இறுக்கிய அந்த விரல்களை அவள் பார்த்திருந்தாள்.

பொருந்தவில்லை என்று சொல்லி அவள் தப்பித்துக்கொள்ளலாம். கத்தி தனுஷிகாவிடம் போகும். அதை நிறுத்த ஒரே ஒரு வாக்கியம்தான் இருக்கிறது. அந்த வாக்கியம் அண்ணனைக் கொல்லும். நாளைக்கே இல்லை. ஆனால் கொல்லும்.

அவள் போனை எடுத்தாள்.

“முனீரா மிஸ்ஸா? நான் ஜெயந்தினி.”

“சொல்லுங்க டீச்சர். வேணாம்னு முடிவா?”

“அது இல்ல மிஸ். அண்ணன் இன்னும் குடிக்கிறாரு. எட்டு மாசம்னு எழுதினது பொய். இன்னைக்கு நானே பார்த்தேன்.”

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

“டீச்சர், இதை நான் எழுத வேண்டி வரும். எழுதினா அவரை டெஸ்ட்டுக்குக் கூப்பிடுவாங்க. உண்மைன்னா பேரை எடுத்துடுவாங்க. யார் குடுக்க வந்தாலும் செய்ய மாட்டாங்க. விளங்குதா?”

“விளங்குது. எழுதுங்க.”

“கோவத்துல சொல்லலயே?”

பொய் சொல்ல ஜெயந்தினிக்கு இஷ்டமில்லை. “கோவமும் இருக்கு மிஸ். ஆனா சொன்னது உண்மை.”

போனை வைத்தபோது உடம்பு லேசானது. அந்த லேசு அவளுக்குப் பிடிக்கவில்லை. கூடப் பிறந்தவனுக்கு இப்படிச் செய்துவிட்டு எப்படி லேசாக இருக்கலாம்? தன் மேலேயே ஓர் அருவருப்பு ஏறியது.

“யாருகிட்ட சொன்னீங்க?”

திரும்பினாள். தனுஷிகா. ஹட்டனில் கம்பியூட்டர் வகுப்பு முடிந்து வந்திருக்கிறாள். தோளில் பை. பக்கத்து வழியால் முற்றத்துக்கு வந்தவள், கொடிக்கு அந்தப் பக்கம் நின்றிருக்கிறாள்.

“தனுஷிகா, இங்க வா. நான் சொல்றதைக் கேளு.”

“கேட்டுட்டேன் அத்தை. எல்லாம் கேட்டுட்டேன்.” அவள் முகம் வெளிறியிருந்தது. “அப்பாவோட பேரை எடுக்கச் சொன்னீங்க.”

“உனக்காகத்தாம்மா. உன்னை வெட்ட வேணாம்னுதான்.”

“எனக்காகவா? யாரு கேட்டா உங்கள?” அவள் பெட்சீட்டைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். “என்னை யாரும் இழுத்துட்டுப் போகல. அம்மா டெஸ்டுக்குத்தான் கூட்டிட்டுப் போனாங்க. வெள்ளிக்கிழமை நானே தனியாப் போயி முதல் படிவத்துல கையெழுத்துப் போட்டேன். என் இஷ்டத்துல. அவரு குடிகாரன்தான், எனக்குத் தெரியாதா? சின்ன வயசுல இருந்து பார்க்கிறேன். அதுக்காகச் சாக விடணுமா?”

“அவரு குடிய விட மாட்டாரும்மா. உன் ஈரலையும்...”

“விடாட்டி விடாம இருக்கட்டும். அது நான் குடுக்கிறது. உங்களுக்கு அவரப் புடிக்காது அத்தை. அவரு உங்கள லொறின்னு கூப்பிட்டாரு. அதுக்குத்தான் இது.” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இந்த ஆஸ்பத்திரி இல்லாட்டி வேற ஆஸ்பத்திரி. இந்தியாவுக்குக்கூடக் கூட்டிட்டுப் போவேன். நீங்க எத்தனை பேருக்கு போன் பண்ணுவீங்கன்னு பார்ப்போம்.”

ஜெயந்தினி அவள் பக்கம் ஓர் அடி வைத்தாள்.

“எந்தக் கையெழுத்து?”

பின்கதவில் சுதாகரன் நின்றான். சாரமும் பெனியனும். ஒரு கையால் வாசற்காலைப் பிடித்திருந்தான். சத்தம் கேட்டு எழும்பி வந்திருக்கிறான். அவனுக்குப் பின்னால் கரண்டியோடு பிரியந்தி.

“எந்தக் கையெழுத்துப் போட்ட தனு?”

“உங்களுக்கு ஈரல் குடுக்கிறதுக்குப்பா.”

அவன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். பிரியந்தி தலையைக் குனிந்துகொண்டாள். இந்த விஷயம் அவனுக்குத் தெரியாது என்பது அப்போதுதான் ஜெயந்தினிக்குப் புரிந்தது.

“பிள்ளைய ஏன்டி கூட்டிட்டுப் போன?” அவன் குரல் உடைந்தது. மஞ்சள் கண்களில் நீர் ததும்பியது. இரண்டு படி இறங்கி, மூச்சு வாங்கி, ஜெயந்தினியின் பக்கம் கையை நீட்டினான். “சொல்லு ஜெயா. இவளுக்குச் சொல்லு. இவ மேல கத்தி படக் கூடாதுன்னுதானே நான் உன்னை...”

நிறுத்தினான். வாயைத் திறந்தபடியே நிறுத்திவிட்டான்.

குசினியில் ஏதோ கருகும் வாடை வந்தது.

தனுஷிகா அப்பாவையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் தோளிலிருந்த பை நழுவி ஈரத் தரையில் விழுந்தது.

“அத்தைய என்னாப்பா பண்ணுனீங்க?”